மொட்டைச் சம்சோன்

சவரிராயலு கழுத்துக்குக் கீழே கூலிக்காரன், கழுத்துக்கு மேலே ஜமீன்தார். இது ஊரார் சொன்னதில்லை, அவனே சொன்னது. ஒதியம்பட்டை ஒட்டிய வேதக்காரத் தெருவில் அவனைக் கேலி செய்ய யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவனே முந்திக்கொண்டு தன்னைப் போட்டு மிதித்துவிடுவான். அடுத்தவன் மிதித்தால் வலிக்கும், தானே மிதித்துக்கொண்டால் கைதட்டு கிடைக்கும் என்ற சூட்சுமம் அவனுக்குச் சின்ன வயதிலேயே பிடிபட்டுவிட்டது. தப்பிக்கவும் அது நல்ல வழி. தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொண்டு நிற்பவனிடம் யார் போய்க் கணக்குக் கேட்பார்கள்?

ஜமீன்தார் என்றது அவன் தலைமயிரை வைத்துத்தான். அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சீயக்காய் போட்டு அலசி, வைக்கோற்போரின்மேல் விரித்துக் காயப்போட்டுவிட்டு, அது காயும்வரை பக்கத்திலேயே காவல் இருப்பான். மற்ற நாளெல்லாம் கரும்பாலையில் கொப்பரைச் சூட்டில் வேகிறவன். அங்கேயும் தலையில் துண்டை இறுக்கக் கட்டி, ஒரு மயிரிழை கருகாமல் பார்த்துக்கொள்வான்.

"சம்சோனப் புடிச்சி மாவரைக்க வுட்டானுங்க, என்னப் புடிச்சி கரும்பாட்ட வுட்டானுங்க. அவனுக்குக் கண்ணு இல்ல, எனக்கு மூள இல்ல. வேற இன்னா வித்தியாசம்?" என்பான். ஆலை சிரிக்கும்.

சம்சோன் பேச்சு வந்ததற்குக் காரணம் இருந்தது. வேதத்தில் வரும் சம்சோனுக்கு, ஆண்டவருக்கென்று வளர்த்த தலைமயிரில்தான் பலமெல்லாம்; தலீலாள் அவனை மயக்கி அதை மழிக்க வைத்ததும், பிலிஸ்தர் அவன் கண்ணைப் பிடுங்கி மாவரைக்க விட்டார்கள். வைகாசிக் கடைசியில் வரும் அந்தோணியார் திருநாளுக்கு, கோயில் முன்மைதானத்தில் வருஷா வருஷம் சம்சோன் நாடகம் நடக்கும். வருஷா வருஷம் சம்சோன் வேஷம் சவரிராயலுவுக்குத்தான். கூத்து என்றால் எங்கும் ராத்திரியில்தான் நடக்கும். ஆனால் வெள்ளைக்காரச் சாமியார், இருட்டில் சாராயமும் சண்டையும் சேர்ந்து வரும் என்று சொல்லி, அதற்கு உத்தரவு கொடுப்பதில்லை. ஆகவே பூசையும் விருந்துச் சோறும் முடிந்து உச்சி வெயிலில் கூத்து ஆரம்பிக்கும். அரிதாரம் வழிந்து மார்புக்கு வந்துவிடும். சைகோன் போய்த் திரும்பிய பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா ஒருவரின் பழைய பித்தளைப் பொத்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு பிலிஸ்தர் ராஜா மூச்சுவிட முடியாமல் நிற்பான். தலீலாள் வேஷம் ஒதியம்பட்டுக் குழந்தைவேலுவுக்கு. காலையில் திரௌபதையம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு, மத்தியானம் இங்கே வந்து புடவை கட்டிச் சம்சோனை மயக்குவான். குரல் அப்படி. அதனால் யாரும் மதம் பார்த்ததில்லை.

கடைசிக் காட்சிதான் உச்சம். கண் கட்டப்பட்ட சம்சோன் பிலிஸ்தர் கோயிலின் இரண்டு தூண்களையும் தள்ளுவான், பந்தல் சரிந்து விழும், ஊரே எழுந்து கூச்சல் போடும். தூண்கள் பனங்கட்டை. அடியில் ஆப்பு அறைந்து, ஆப்புகளைக் கயிற்றில் பிணைத்து, கயிற்றின் நுனியைத் திரைக்குப் பின்னால் ஆலைக் கூட்டாளி வீரப்பன் பிடித்திருப்பான். அவன் இழுத்தால் ஆப்பு பிடுங்கிக்கொள்ளும், பந்தல் சரியும். இழுக்காவிட்டால் ஆலைமாடு வந்து முட்டினாலும் தூண் அசையாது. இது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனாலும் பல்லைக் கடித்து, புயத்தை முறுக்கி, நரம்பு புடைக்க அவன் தள்ளுவதைப் பார்த்தால், அவனுக்கே அந்தக் கயிறு மறந்துபோய்விட்டதோ என்று தோன்றும். உண்மையில் மறந்துதான் போயிருந்தது.

இப்போது அவன் பெண்சாதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞானப்பூ அதிகம் பேசாதவள். இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டும் ஒரு வாரம் தாங்காமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டன. மூன்றாவது தரித்து மூன்றாம் மாசத்தில், ஒரு காலை நேரம், இரத்தம் கண்டு சுவரோரம் சுருண்டு படுத்துவிட்டாள். மருத்துவச்சி கலியம்மாள் வந்து பார்த்துவிட்டு, "என் கையில ஒண்ணும் இல்லடா சவரி, மேல இருக்கறவங்களக் கேளு" என்று சொல்லிவிட்டாள்.

சவரிராயலு கோயிலுக்கு ஓடினான். மாதா சுரூபத்தின் முன்னால் விழுந்து, "தாயே, இந்தப் புள்ளயாவது தங்கட்டும். என் தலமயிர மழிச்சி ஒன் காலடியில வைக்கிறன்" என்று கதறினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. அவன் வாயிலிருந்து தானாக வந்த நேர்த்தி அது. வீட்டுக்கு வந்து ஞானப்பூவிடம் சொன்னபோது, அந்த வலியிலும் அவள் அவன் தலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதைவிடப் பெரிதாகக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் இரத்தம் நின்றது. பிள்ளை தங்கியது.

ஆபத்து விலகியதும் சவரிராயலுவுக்குத் தலைமயிர் ஞாபகம் வந்தது.

சம்சோன் தலீலாளிடம் மூன்று பொய் சொன்னான் என்று வேதத்தில் இருக்கிறது. சவரிராயலுவும் குறை வைக்கவில்லை. முதல் பொய், நாவிதர் மணவாளன் தன் மகளைப் பார்க்க வெளியூர் போயிருக்கிறார் என்பது. மணவாளனின் பெண்சாதிதான் மருத்துவச்சி கலியம்மாள் என்பதை அந்த அவசரத்தில் அவன் யோசிக்கவில்லை. அன்று சாயங்காலமே கலியம்மாள் வந்து ஞானப்பூவின் வயிற்றைத் தடவிக்கொண்டே, "எங்க வூட்டு மனுஷன் வேலயில்லாம கத்தியத் தீட்டிக்கினு ஒக்காந்துகினு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது பொய்யில் கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தது.

"வயித்துல புள்ள இருக்கும்போது புருஷங்காரன் மயிர் எடுக்கக் கூடாதாம். வீரப்பன் சொன்னான்."

"அது அவங்க வழக்கம்ங்க. நம்ம ஞானஸ்நானம் வாங்கி மூணு தலமொற ஆவுது" என்றாள் ஞானப்பூ.

"வழக்கத்த மதிக்கறதுல தப்பு இன்னா?"

"மாதாகிட்ட சொல்லும்போது வீரப்பனக் கேக்கலியே?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

மூன்றாவது பொய்யில் சாமியாரையே இழுத்தான். திருநாள் முடிந்தபிறகு மொட்டை போட்டால் போதும் என்று சாமியார் உத்தரவு கொடுத்துவிட்டதாகச் சொன்னான். சாமியாரை அவன் கேட்கவே இல்லை. மொட்டைத்தலையோடு சம்சோன் வேஷம் கட்ட முடியுமா என்பதுதான் உள்ளே இருந்த கவலை. வேறு எவனாவது அந்த வேஷத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டால்? நாடகத்தில் மயிர் வெட்டும்போதுகூட அவன் சொந்த மயிர் போவதில்லை. சணலைச் சாயம் தோய்த்துப் பின்னி வைத்த ஏழு சடைகளைத்தான் மணவாளன் மரக்கத்தியால் அறுப்பதுபோல நடித்து எடுப்பார். உடனே சவரிராயலு தலையில் ஒரு வெள்ளைத்துணியைச் சுற்றிக்கொள்வான். அதுதான் மொட்டை.

ஆலையில் இதையும் கேலியாக்கினான். "எங்க வூட்டு தலீலாள் கத்தரிக்கோலோட நிக்கிறா. நான் கண்ண மூடாம தூங்கறன்" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்த ஞானப்பூ, ஆலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள். கலயத்தை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப்பிறகு அவள் மொட்டைப் பேச்சை எடுக்கவில்லை. தன் பேச்சுச் சாமர்த்தியத்தால் அவள் அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டது அந்த ஜமீன்தார் தலை.

ஞானப்பூவுக்கு எட்டாம் மாசம் நடக்கும்போது திருநாள் வந்தது. அதற்கு முந்தின நாள், அவன் வாசலில் உட்கார்ந்து சணல் சடைகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஞானப்பூ வந்து நின்றாள்.

"நேத்திலேர்ந்து புள்ள அசையலைங்க."

அவனுக்குக் கல்லறைத் தோட்டம் ஞாபகம் வந்தது. அது நிஜம். ஆனால் கை சாயத்தில் இருந்தது, கோயில் பக்கம் மத்தளம் சரிபார்க்கும் சத்தம் கேட்டது.

"தூங்கும். என் புள்ளயாச்சே, என்ன மாதிரிதான் இருக்கும். திருநாள் முடியட்டும், மறுநாளே மயிர எடுத்துடறன்" என்றான்.

அவள் உள்ளே போனாள்.

திருநாளன்று விடிவதற்கு முன்பே அவன் கோயிலுக்குப் போய்விட்டான். பந்தல் வேலை இருந்தது. பூசைக்கு வந்த ஞானப்பூ முந்தானையால் தலையை மூடியிருந்தாள். கோயிலில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் வருவார்கள் என்பதால் அவன் ஒன்றும் நினைக்கவில்லை. மாதா பீடத்தில் பூவோடு பூவாக ஒரு மஞ்சள் துணி மூட்டை இருந்தது. அதையும் பார்த்தான், யாரோ வைத்த காணிக்கை என்று விட்டுவிட்டான்.

சாமியார் அன்றைக்கு நாடகத்தை ஒட்டியே பிரசங்கம் வைத்தார். அவருடைய தமிழ் கல்லும் முள்ளுமாக இருந்தாலும் சொல்வது புரியும்.

"சம்சோன் பலசாலி. மனுஷர் கட்டின கயிறெல்லாம் அறுத்தான். அது பெரிய காரியம் இல்லை பிள்ளைகளே. சர்வேசுரனுக்கென்று அவன் தலையில் இருந்தது ஒரே ஒரு வார்த்தைப்பாடு. சிங்கத்தைக் கிழித்த கைக்கு அதைக் காப்பாற்றத் தெரியவில்லை. அப்படிப்பட்டவர் இங்கேயும் இருக்கலாம்."

இருக்கலாம்தான் என்று சவரிராயலு தலையாட்டினான். யாருக்குச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பியும் பார்த்தான்.

மத்தியானம் கூத்து ஆரம்பித்தது. சிங்கத்தைக் கொன்றான், கழுதைத் தாடையால் பிலிஸ்தரை அடித்துப் போட்டான், காசா பட்டணத்துக் கதவைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பிறகு தலீலாள் காட்சி. குழந்தைவேல் காலை நீட்டி உட்கார, சவரிராயலு அவன் மடியில் தலைவைத்து, பெண்கள் பக்கம் பார்த்து ஒருக்களித்துப் படுத்தான். தாலாட்டு நீளமானது. தூங்குவதுபோல் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு ஞானப்பூ எங்கே என்று தேடினான்.

முன்வரிசையில், கலியம்மாளுக்குப் பக்கத்தில் இருந்தாள். வெயிலுக்காக இன்னும் முந்தானையைத் தலையில் போட்டிருக்கிறாள் என்று நினைத்தான். அப்போது அவள் முகத்து வேர்வையைத் துடைக்க முந்தானை நுனியை இழுத்தாள். அது நழுவித் தோளில் விழுந்தது.

அவள் கொண்டை இல்லை. கழுத்தோடு ஒட்ட, கன்று மேய்ந்த பயிர்போலத் தாறுமாறாக வெட்டியிருந்தது. அரிவாள்மணையில் அறுத்திருப்பாள், தனியாக, அவன் பந்தல் போடப் போன நேரத்தில். அவள் பதறி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். ஆனால் அவன் பார்த்துவிட்டான். மாதா பீடத்து மஞ்சள் மூட்டை எது என்றும், சாமியார் யாருக்குச் சொன்னார் என்றும் அவனுக்கு அந்த மடியில் படுத்தபடியே விளங்கிவிட்டது. அவன் சொன்ன நேர்த்தியை அவள் செலுத்தியிருக்கிறாள். சம்சோனோ சணல் சடையோடு, இன்னொரு ஆம்பிளை மடியில் படுத்துத் தூங்குகிறான். இவளையா தலீலாள் என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தான்?

மணவாளன் மரக்கத்தியோடு ஆடி ஆடி வந்து குனிந்தார்.

"மரக்கத்தி வாணாம் மணவாளா. ஒன் பொட்டி எங்க?"

"திரைக்குப் பின்னால. காலையில புள்ளைங்களுக்கு மொட்ட போட்டுட்டு அப்பிடியே வச்சன். ஏன்பா?"

"எடுத்தா. நெசமா மழி."

"பாட்டுல அது இல்லியே!"

"பாட்டுல நான்கூடத்தான் பெரிய வீரன். எடுத்தாடா."

குழந்தைவேல் குனிந்து அவன் காதில் கெஞ்சினான். "யோவ், என் மடியிலியா மழிக்கப் போறீங்க? எரவல் பொடவய்யா இது!"

மணவாளன் பெட்டியைக் கொண்டுவந்தார். பிலிஸ்தர் சேனை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் கொத்து மயிர் விழுந்ததும் ஊர் எட்டிப் பார்த்தது. இது விளையாட்டில்லை என்று புரிந்ததும் ஒரே ஆரவாரம். பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்து முண்டியடித்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்த வீரப்பன்கூடக் கயிற்றைப் போட்டுவிட்டு முன்னால் வந்து கூட்டத்தோடு குந்திக்கொண்டான். சாமியார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எப்போதும் முந்திக்கொண்டு ஒரு கேலி சொல்கிற சவரிராயலு அன்று வாயைத் திறக்கவில்லை. ஜமீன் முழுக்கக் குழந்தைவேலின் புடவையில் கிடந்தது. வெயிலில் தலை உரித்த நுங்குபோலப் பளபளத்தது.

நாடகத்தை அப்படியே விட முடியாது. கோயில் உபதேசியார்தான் கூத்துக்கு வாத்தியார். அவர் பின்னாலிருந்து கத்த, பிலிஸ்தர்கள் அவசர அவசரமாகச் சம்சோனின் கண்ணைக் கட்டித் தூண்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்கள். சவரிராயலு பாட்டைப் பாடினான், தூண்களில் கையை வைத்தான், தள்ளினான்.

தூண் அசையவில்லை.

கயிற்றுக்குச் சொந்தக்காரன் முன்வரிசையில் குந்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தது கண் கட்டியிருந்தவனுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு தரம் தள்ளினான். அரிதாரமும் வேர்வையும் மொட்டைத்தலையிலிருந்து மூக்கில் வழிந்தன. முதலில் ஒரு சிரிப்பு, பிறகு நாலு, பிறகு மைதானமே சிரித்தது. "தம் கட்டு சம்சோனு!" என்று எவனோ கத்தினான். "மயிரு போனா பலமும் போச்சிடா" என்றான் இன்னொருவன்.

அப்போதுதான் அவனுக்குக் கயிறு ஞாபகம் வந்தது. அத்தனை வருஷக் கைதட்டலும் ஞாபகம் வந்தது. இன்னா வீரன்டா நீ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். பாட்டில், 'இந்த ஒரு தரம் மட்டும் என்னை நினைத்தருளும்' என்று சம்சோன் மன்றாடும் இடம் அது. சவரிராயலு பாட்டை விட்டுவிட்டு, தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னான்.

"ஆண்டவரே, இந்தத் தூணு வுழவே வாணாம். எல்லாரும் நல்லா சிரிக்கட்டும். அந்தப் புள்ள மட்டும் அசஞ்சிட்டாப் போதும்."

பெண்கள் பக்கம் சிரிப்பு அலையலையாக வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே ஒரு சிரிப்பு அவனுக்கு அடையாளம் தெரிந்தது. கல்யாணமான புதிதில் கேட்டது, அப்புறம் இரண்டு குழி வெட்டியபிறகு கேட்காமலே போனது. ஞானப்பூ அடக்கமாட்டாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு திடீரென்று அறுந்தது.

அவன் தள்ளுவதை நிறுத்தினான். கண்கட்டை அவிழ்க்கப் பயமாக இருந்தது.

"டேய் சவரி!" என்று கலியம்மாளின் குரல் மைதானத்தைப் பிளந்தது. "ஒதைக்குதுடா! என் கையிலியே ஒதைக்குதுடா! தூணு அசையலன்னா போவுது, புள்ள அசஞ்சிட்ச்சி வாடா!"

சவரிராயலு கண்கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு மேடையிலிருந்து குதித்தான். அந்த நேரம் பார்த்து வீரப்பனுக்குத் தன் உத்தியோகம் நினைவு வந்தது. திரைக்குப் பின்னால் ஓடிக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். சம்சோன் இல்லாமலேயே பிலிஸ்தர் கோயில் சரிந்தது. அடியில் சிக்கிக்கொண்டது பித்தளைப் பொத்தான் கோட்டு ராஜா ஒருத்தன்தான். தென்னங்கீற்றுக்குள்ளிருந்து அவன் போட்ட கூச்சலை யாரும் சட்டைசெய்யவில்லை.

ஞானப்பூவின் முன்னால் போய் உட்கார்ந்த சவரிராயலு அழுதான். வெளிப்படையாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். அவள் கை அவன் மொட்டைத்தலையில் இருந்தது.

"இன்னாத்துக்குடி எனக்காகக் காத்திருக்காம..." என்று ஆரம்பித்தான்.

"பயந்துட்டன்ங்க" என்றாள். மொட்டையைத் தடவிக்கொண்டே, "ஒரு நேர்த்திக்கு ரெண்டு தல மயிரு. மாதா சிரிச்சிக்கினுதான் இருப்பாங்க" என்றாள்.

"நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கினு சும்மா இருந்தியே, தலீலாள்னு..."

"கேட்டன். வலிச்சிது" என்றாள் அவள். தலையிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

ஆடி முடிவதற்குள் பெண் பிறந்தது. ஒரு வாரம் தாங்கியது, ஒரு மாசம் தாங்கியது, தெருவே விழித்துக்கொள்ளும்படி அழுதது. மறுவருஷத் திருநாளுக்குள் சவரிராயலுவின் மயிர் தோள்வரை வளர்ந்திருந்தது. உபதேசியார் வேஷத்துக்குக் கூப்பிட வந்தபோது, "அந்தப் பாட்டெல்லாம் மொட்டையோட போயிட்ச்சிங்க. கயிறு இழுக்க ஆள் வேணும்னா வர்றன்" என்றான்.

வேஷம் வீரப்பனுக்குப் போனது. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. பல்லைக் கடித்துப் புயத்தை முறுக்கித் தள்ளினான். திரைக்குப் பின்னால் சவரிராயலு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தான். இழுத்தான். ஆப்பு பிடுங்கிக்கொண்டது, பந்தல் சரிந்தது, கைதட்டல் மழையாகக் கொட்டியது. திரை ஓட்டை வழியாகப் பார்த்தால், புதுச் சம்சோன் அத்தனையையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு ஊருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான்.

"பாருடி, ஒங்கப்பன் மாதிரியே ஒருத்தன்" என்று மகளிடம் சொன்னான் சவரிராயலு. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.